தரம் முதல் கையில் தொடங்குகிறது



'தரம்' என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஸ்டோரில் தேயிலையைத் தரம் பிரிக்கிறார்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டால் "தரம் அஞ்சு" என்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் "கவனிப்புத் தரமா இல்ல" என்று குறைப்படுகிறோம். மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான். அதற்குள்ளே இருக்கும் விஷயமும் ஒன்றுதான் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. மலையிலும் ஸ்டோரிலும்

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் லூல்கந்துரத் தோட்டம் இருக்கிறது. அங்கேதான் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வியாபாரத்துக்காக நட்ட முதல் தேயிலை அது. அப்போது மெஷின் ஏது? பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் காய வைத்தார்கள். பிறகு மெஷின்கள் வந்தன. அந்தப் பழைய மெஷின்களை இன்று ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதுவும் 1925 இல் கட்டிய ஒரு ஸ்டோர்தான். எவ்வளவு மாறினாலும், நல்ல கொழுந்துக்கு இன்னும் கையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டு இலையும் ஒரு அரும்பும் எடுக்கச் சொல்வது ஏன்? தேநீருக்கு நிறமும் ருசியும் கொடுக்கும் சத்து அரும்பிலும் இளம் இலையிலும்தான் அதிகம். முற்றிய இலையில் நார்தான் அதிகம். உருட்டும்போது அது சுருளாது.

இன்னொன்று. பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடுகிறது. சாக்கில் அமுக்கி வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறும். கசங்கிய இடம் சிவந்துபோகும். ஸ்டோரில் வாட்டி, உருட்டி, அதன் பிறகு நடக்க வேண்டிய புளிப்பு, சாக்கிலேயே தொடங்கிவிடும். டீமேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சிவந்த கொழுந்தைத் திரும்பப் பச்சையாக்க முடியாது. ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்து வேண்டும். அதில் பழுதானது எவ்வளவு என்பது கடைசியில் கோப்பையில் தெரிந்துவிடும். தேயிலையை ருசி பார்ப்பதற்கு உலகப் பொதுவான ஒரு முறை இருக்கிறது: 100 மில்லி லீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். காலையில் நம் மலையில் நடந்தது அந்த 6 நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இனி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் கேட்கும் பேச்சு:

"என்னம்மா, இன்னைக்கு முத்தல் கூடிப்போச்சே?"

"ஐயா, இந்த மலைக்கு நாங்க வந்து பன்னெண்டு நாளாச்சு. அதுவரைக்கும் கொழுந்து முத்தாம காத்துக்கிட்டு இருக்குமா? கிலோவும் கொறையக்கூடாதுங்கிறீங்க. நான் என்னா செய்றது?"

அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழு நாளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மலையைப் பன்னிரண்டாம் நாள் எடுத்தால் முத்தல் வரத்தான் செய்யும். அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங் 1950 இல் ஜப்பான் நாட்டுத் தொழிலதிபர்களுக்கு இதைத்தான் படிப்பித்தார். பெரும்பாலான குறைகள் தொழிலாளியின் கையில் பிறப்பதில்லை, வேலை ஒழுங்கு செய்யப்பட்ட விதத்தில் பிறக்கின்றன என்றார். "மலிவு, ஆனா நிக்காது" என்று பேர் வாங்கியிருந்த ஜப்பான் சாமான்கள் பிறகு உலகமே தேடும் சாமான்களாயின. 1962 முதல் அங்கே தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி, குறை எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று பேசும் பழக்கம் வந்தது. அதற்குத் 'தர வட்டம்' என்று பெயர்.

ஆகவே இது இரண்டு பக்கத்துக் கடமை. முத்தலைக் கூடையில் போடாமல் இருப்பதும், கொழுந்தை அமுக்காமல் இருப்பதும் நம்முடையது. மலைச் சுற்றைத் தள்ளிப்போடாமல் இருப்பதும், நிழலும் நல்ல சாக்கும் நேரத்துக்கு லொறியும் கொடுப்பதும் நிருவாகத்துடையது.

2. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும்

1846 ஆம் ஆண்டு வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், வைத்திய மாணவர்கள் பயின்ற பிரசவப் பகுதியில், நூறு தாய்மாரில் சுமார் பதினொரு பேர் இறந்தார்கள். செம்மல்வைஸ் என்ற வைத்தியர் காரணம் தேடினார். பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்ததுதான் காரணம் என்று கண்டார். 1847 இல், குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கட்டாயமாக்கினார். 1848 இல் இறப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. புதுக் கட்டடமும் வரவில்லை, புது மருந்தும் வரவில்லை. முதலில் தொடும் கை சுத்தமானது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் ஒரு தாய் பிரசவத்தால் இறந்துவிட்டால் அதைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து புறப்பட்டது பிந்தியதா, வாகனம் பிந்தியதா, ஆஸ்பத்திரியில் பிந்தியதா என்று படிப்படியாக ஆராய்கிறார்கள். அடுத்த தாயைக் காப்பாற்றும் வழி அதுதான்.

பிள்ளையின் நிறைக் கார்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோடு ஏறாமல் படுத்துவிட்டால், நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே அது நம்மை எச்சரிக்கிறது. "நிறுத்தாச்சு, கார்டு பெட்டியில இருக்கு" என்றால் போதாது. "நிறை ஏன் கூடல, மிஸி?" என்று மருத்துவிச்சியிடம் அன்றைக்கே கேளுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் இழந்ததை மீட்பது கஷ்டம்.

3. பாடசாலையிலும்

1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. ஆனாலும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்டத்தின் பொறுப்பிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை எடுத்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக என்று படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு கட்டடங்கள் வந்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் ஆசிரியர்கள் பயிற்சி பெற்று வந்தார்கள். இவை பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஒரு கேள்வி. பிள்ளை தரம் ஐந்தில் இருக்கிறது. அந்தத் தரம் பிள்ளையிடம் இருக்கிறதா? இடாப்பில் பேர் இருப்பது வேறு, எழுத்துக் கூட்டாமல் ஒரு பக்கம் வாசிப்பது வேறு. தரம் இரண்டில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அதற்குப் பிறகு எல்லாப் பாடத்திலும் தடுமாறும். தரம் பத்துக்கு வந்தபின் டியூசன் பிடித்து அதைச் சரிக்கட்டுவது, சிவந்த கொழுந்தைப் பச்சையாக்கப் பார்ப்பது போலத்தான்.

நமக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ராவைக்குப் பத்து நிமிடம், "வாசி பாப்பம், நான் கேக்குறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பிள்ளை எங்கே நிற்கிறது என்பது நமக்கே விளங்கும். விளங்கியதைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரிடம் கேளுங்கள்: "டீச்சர், பிள்ளை வாசிக்கிறப்ப இந்த எடத்துல நிக்குது, என்னா செய்யலாம்?" பெற்றோர் கேட்கும் பாடசாலையில்தான் தரம் வளரும்.

கூடிப் பேசுவதற்கு

1. நம் மலையில் கொழுந்து பழுதாவது எந்த இடத்தில்: பறிக்கும்போதா, சாக்கிலா, லொறிக்குக் காத்திருக்கும்போதா? அதில் நாம் மாற்றக்கூடியது எது? நிருவாகத்திடம் கேட்க வேண்டியது எது?

2. நம் பிள்ளையின் நிறைக் கோடு கடந்த மூன்று மாதத்தில் ஏறியதா?

3. நம் பிள்ளை நேற்று வீட்டில் ஒரு பக்கம் வாசித்ததா? யார் கேட்டது?

பதில் "இல்லை" என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். குறை முதலிலேயே தெரிந்தால்தான் திருத்த முடியும். அடுத்த தடவை கூடும்போது, அதைத் திருத்த என்ன செய்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.