தட்டிப் பார்த்து வாங்குவோம்

தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமா, சேமநிதிப் பணத்தில் பழைய கண்ணாடியிழைப் படகொன்று வாங்கி, பாகான் டத்தோவில் பேராக் ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடிக்க விரும்பினார். "பொறியியல் படிக்கிறாயே மாப்பிள்ளை, நீயும் வந்து பார்" என்றார். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரும் உடன் வந்தார். அவர் படகு பழுதுபார்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

முதல் படகு புதுச் சாயத்தில் பளபளத்தது. விலை 7,000 வெள்ளி. "நல்ல படகு மாமா" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். பெரியவர் எதுவும் பேசாமல் சோதிக்கத் தொடங்கினார். அன்று நான் கற்றவற்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

விரிசல்: மேற்பூச்சில் மட்டும் காணும் மயிரிழைக் கோடுகளுக்கு அஞ்ச வேண்டாம். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் கோடுகள் பரவியிருந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. அதே இடத்தைப் படகின் உட்புறமும் பார்க்க வேண்டும். உள்ளேயும் வெளுத்தோ வெடித்தோ இருந்தால் காயம் ஆழமானது. ஓரிடத்தில் மட்டும் புதுச் சாயமிருந்தால், காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

ஓசை: திருப்புளியின் கைப்பிடியால் அடிப்பகுதி முழுவதும் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் ஊறிய இடமும் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும்.

கொப்புளம்: நீண்டகாலம் நீரில் கிடந்த படகின் அடியில் கொப்புளங்கள் தோன்றலாம். உடைத்தால் புளித்த காடிபோல் நெடியடிக்கும் நீர் வடியும். ஓரிரண்டு என்றால் சரிசெய்யலாம். அடி முழுவதும் இருந்தால் செலவு கைமீறும்.

பின்பலகை: மோட்டாரைத் தாங்கும் இதன் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். திருகாணித் துளை வழியே நீர் கசிந்து பலகை உளுத்தாலும் வெளித்தோல் அழகாகவே தெரியும். மோட்டாரின் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

பெரியவர் அப்படி அசைத்தபோது, நான் புகழ்ந்த படகின் பின்பலகை மோட்டாரோடு சேர்ந்து வளைந்தது. தட்டினார்; 'தொப்' என்றது. "கடலில் இது பிய்ந்தால் மோட்டாரும் போகும், தண்ணீரும் உள்ளே வரும்" என்றார் மலாயில். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் ஒரு சொல்லை நம்பி முப்பது ஆண்டு உழைப்பையும் உயிரையும் அதில் ஏற்றியிருப்பார்.

ஒரு வாரம் கழித்து வேறொரு படகு வாங்கினோம். சாயம் மங்கியது, மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்து இழை தெரிந்தது. ஆனால், தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. தேய்மானத்தைக் காட்டியே விலையில் 800 வெள்ளி குறைத்தார் மாமா.

அடுக்குப் பிரிதலைப் பற்றி நான் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அதன் ஓசையைக் கேட்டது அன்றுதான். நண்பர்களே, வீட்டார் நம் படிப்பை நம்பிக் கருத்துக் கேட்கும்போது, தட்டிப் பார்த்த பிறகே வாய் திறப்போம்.