பதினேழு வயது மகனின் கடனுக்கு உங்கள் கையெழுத்து வேண்டாம்



வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருந்தீர்கள். பதினேழு வயது மகன் கைத்தொலைபேசிச் செயலியில் கடன் எடுத்துவிட்டான். இப்போது கடன் கொடுத்த நிறுவனத்தார் தவணை போட்டுத் தருகிறோம், நீங்கள் கையெழுத்து வையுங்கள் என்று நெருக்குகிறார்கள். வைக்காதீர்கள்.

1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி இலங்கையில் பராய வயது 18. அந்த வயதை எட்டாதவர் பெற்றோரோ பாதுகாவலரோ துணைநிற்காமல் செய்த கடன் ஒப்பந்தம் உரோம டச்சுச் சட்டத்தில் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பணத்தால் அவரிடம் மிஞ்சியிருக்கும் பயனை மட்டுமே திருப்பிக் கேட்கலாம். பெற்ற தாய் என்பதற்காக அந்தக் கடன் உங்கள் தலையில் விழாது, கையெழுத்திட்டால் விழும். 18 ஆனபின் மகன் தானே அதை ஒப்புக்கொண்டால் அவனையும் பிடிக்கும்.

வயதை மறைத்தான் என்று சொல்வார்கள். வேறொருவரின் அடையாள அட்டையைக் காட்டி ஏமாற்றியிருந்தால் அவன் பக்கம் பலவீனப்படும். அதை அவனிடம் நேரே கேளுங்கள். தன் அட்டையையே படம்பிடித்து அனுப்பியிருந்தால் கதை வேறு. தேசிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும்; பெண்பிள்ளை என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். அந்த இலக்கத்தைப் பதிந்துகொண்டு கடன் கொடுத்தவர் வயது தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

இதே கேள்வி ஒரு பழைய வழக்கிலும் எழுந்தது. 1895இல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர் 20,000 ரூபாய்க்கு வீடுகளை ஈடு வைத்தார். மகன் பராயமடையாதவன் என்று தாயின் சட்டத்தரணி கடன் கொடுத்தவரின் முகவருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தார். 1903இல் அப்போதைய மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்த ஈடு செல்லாது என்றது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவிடவில்லை. இந்தியச் சட்டம் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் கடன் கொடுத்தவருக்கு வயது தெரிந்திருந்தது என்பதற்கு அந்தத் தாய்க்காக அனுப்பிய கடிதம் அங்கே சாட்சியாக நின்றது.

நீங்களும் மகனின் வயதைச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மிரட்டும் செய்திகளை அழிக்க வேண்டாம். நிறுவனம் மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ளதென்றால் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் அந்த வங்கியிடம் முறையிடலாம். பிள்ளையையே மிரட்டினால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். வழக்கென்று வந்தால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மகனை அடிக்காதீர்கள். அயலுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற பயத்தை வைத்துத்தான் இவர்கள் வசூலிக்கிறார்கள். அவனிடம் மிச்சமிருக்கும் பணத்தை எழுத்தில் பதிந்து திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், அது நேர்மை. அதற்குமேல் கேட்டால், அட்டையின் முதல் நான்கு இலக்கங்களை ஏன் பார்க்கவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்களே.

அன்புடன்,
உங்கள் சகோதரன்