பாண்டு, மண்டபம், வாடகை

கேள்வி: அமெரிக்காவில் உள்ளாட்சி பாண்டு வட்டிக்கு வரி இல்லையாம். அந்தப் பணத்தில் கட்டிய கட்டடத்தைத் தனியார் பயன்படுத்தினால் சலுகை போய்விடும் என்கிறாள் என் மகள். இங்கும் அப்படியா? – வாசகர், திருத்தணி

பதில்: மகள் சொல்வது பெரும்பாலும் சரி. 1986 வரிச் சீர்திருத்தச் சட்டம் போட்ட வரம்பு அது. பாண்டுப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தனியார் வணிகப் பயன்பாட்டுக்குப் போய், கடன் அடைவதும் 10 சதவீதத்துக்கு மேல் அந்த வணிகத்தை நம்பியிருந்தால், சட்டம் தனியே அனுமதித்த சில வகைகள் நீங்கலாக, வட்டிக்கு வரி உண்டு. பொதுமக்கள் வந்து போவது கணக்கில் சேராது. ஒரு கம்பெனிக்கு நீண்ட குத்தகை விட்டால்தான் வம்பு.

இங்கே 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(15) பிரிவு, மத்திய அரசு அறிவித்த உள்ளாட்சி பாண்டுகளுக்கு விலக்கு தந்தது. 2002-இல் அகமதாபாத் மாநகராட்சி அப்படித்தான் 100 கோடி ரூபாய் திரட்டியது. சதவீதக் கணக்கெல்லாம் அதில் இல்லை.

வரம்பைத் தாண்டினால் சலுகை போகும் என்ற அந்த யோசனையின் சாயலை உங்கள் மலைக் கோயிலிலேயே, ஜிஎஸ்டியில் பார்க்கலாம். வருமான வரித் துறையில் அறநிலையமாகப் பதிவான அமைப்பு, பொதுமக்களுக்கான கோயில் வளாகத்தை வாடகைக்கு விட்டால் வரி இல்லை. ஆனால் அறை வாடகை நாளுக்கு 1,000 ரூபாய், கல்யாண மண்டபம் நாளுக்கு 10,000, கடை மாதம் 10,000 என்று எட்டிவிட்டால் வரி உண்டு. கேட்பது பக்தரா வியாபாரியா என்று பார்க்காமல் தொகையை மட்டும் பார்ப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. 2022-இல் மலிவு ஓட்டல் அறைகளுக்கான விலக்கை எடுத்தபோதும் கோயில் அறைகளை அரசு தொடவில்லை.