கிரகணம் உதட்டைப் பிளக்காது

கிரகணம் என்று டிவியில் சொன்னால் போதும், சென்னையை அடுத்த மணிமங்கலத்துக் கர்ப்பிணிகளுக்கு வீட்டுச் சிறை தொடங்கிவிடுகிறது. 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தபோதும் அதே பேச்சுதான். வெளியே வராதே, கத்தியைத் தொடாதே, தண்ணீர்கூடக் குடிக்காதே. மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும். ஏழு மாதக் கர்ப்பிணியிடம் இதைச் சொல்கிறார்கள்!

பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவராகச் சொல்கிறேன், கேளுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மேலுதடு இரு பக்கத் திசுக்களும் நடுத்திசுவும் வந்து ஒட்டி உருவாகிறது. கரு உண்டான 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடும். அண்ணம் அடுத்த சில வாரங்களில் மூடிவிடும். ஒட்டாமல் நின்றுபோனால் பிளவு. ஏழாம் மாதத்தில், எப்போதோ ஒட்டி முடிந்த உதட்டை, நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் வந்து பிரிக்குமா?

உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணமே தென்படாத ஆண்டுகளிலும் பிறக்கிறது. பரம்பரை, புகையிலை, கட்டுக்குள் வராத சர்க்கரை, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். பல குழந்தைகளுக்குக் காரணம் இதுதான் என்று சுட்டவே முடியாது.

கிரகணத்தின் பேரில் இன்சுலின் போடும் கர்ப்பிணியைப் பட்டினி போடுவதுதான் உண்மையான ஆபத்து. அதைவிடக் கொடுமை, பிளவோடு பிள்ளை பிறந்ததும் "கிரகணத்தன்னிக்கு என்னடி செஞ்சே?" என்று பச்சை உடம்புக்காரியைக் குடைவது. போதும், நிறுத்துங்கள். உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்று, ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இலவச சிகிச்சைக்கும் வழி உண்டு. தாயை விசாரிக்கும் நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

மற்ற நம்பிக்கைகள் சுருக்கமாக.

குங்குமப்பூ குழந்தையைச் சிவப்பாக்கும்: ஆக்காது. நிறம் மரபணுவில் இருக்கிறது.

கம்பெனி வேலைக்குப் போனால் குறையோடு பிறக்கும்: வேலைக்குப் போவது குற்றமில்லை. ஈயம், கரைப்பான், எக்ஸ்ரே புழங்கும் பிரிவில் இருந்தால் மட்டும் உடனே சொல்லி வேறு இடம் கேளுங்கள்.

சொந்தத்தில் கட்டினால் ஒன்றும் ஆகாது: பெரும்பாலோருக்கு ஆகாது என்பது சரி. ஆனால் பொதுவாக நூற்றுக்கு 2, 3 குழந்தைகளுக்கு இருக்கும் பிறவிக் குறை, அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்தில்தான் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

நாள் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் ஒரு நாள் சொல்கிறேன்: கரு உண்டான 28-வது நாள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் அதற்குள் மூடியாக வேண்டும். மூடாவிட்டால் முதுகில் பிளவு, கால்கள் செயலிழக்கலாம். ஏற்கெனவே அப்படியொரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991-ல் பிரிட்டிஷ் ஆய்வு நிரூபித்தது. இந்தச் சத்தின் தடத்தை முதலில் கண்டவர் லூசி வில்ஸ். 1920-களின் இறுதியில் பம்பாய் பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தபோது கண்டார். நம் குன்னூரிலும் ஆய்வு செய்தார். ஆலைப் பெண்களால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு, இங்கே ஒரகடம் ஆலைப் பெண்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதியச் சொல்கிறோம். நல்லதுதான், ஆனால் நரம்புக்குழாய்க்கு அது தாமதம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே பெண்ணுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்றவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. ஒவ்வொரு தொழிற்சாலை மருத்துவ அறையிலும், பெண்கள் விடுதியிலும் இந்த மாத்திரை கேட்காமலே கிடைக்க வேண்டும். விலை சில ரூபாய்தான். நிர்வாகங்கள் இந்த மாதமே தொடங்கலாம்.