அந்த இரண்டடி ஓட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1967 டிசம்பர் 31. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், கிரீன் பே நகரின் லம்போ மைதானம். குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். புல்தரைக்கு அடியில் பதித்திருந்த வெப்பக் கம்பிகளும் கைகொடுக்கவில்லை. தரை பாறையாய் இறுகிவிட்டது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்: டல்லஸ் கவ்பாய்ஸ் 17, கிரீன் பே பேக்கர்ஸ் 14. ஆட்டம் முடிய 16 விநாடிகள், எல்லைக்கோட்டுக்கு ஏறத்தாழ இரண்டடி. பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) பார்ட் ஸ்டார் பந்தோடு பாய்ந்து கோட்டைக் கடந்தார். 21-17 என வென்றது பேக்கர்ஸ். 'ஐஸ் பவுல்' என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்தைச் சுற்றிப் பல தவறான கதைகள் வேர்விட்டிருக்கின்றன.

நம்பிக்கை: அது சூப்பர் பவுல் இறுதி ஆட்டம்.

உண்மை: இல்லை. அது என்எஃப்எல் என்ற லீக்கின் சாம்பியன் யார் என்பதை முடிவு செய்த ஆட்டம். அதில் வென்ற பேக்கர்ஸ், இரண்டு வாரம் கழித்து மயாமியில் நடந்த இரண்டாவது சூப்பர் பவுலில் ஓக்லண்ட் ரெய்டர்ஸை 33-14 என வீழ்த்தியது.

நம்பிக்கை: ஸ்டார் தானே ஓடுவதுதான் பயிற்சியாளர் வகுத்த திட்டம்.

உண்மை: '31 வெட்ஜ்' என்ற அந்த உத்தியில் பந்து போக வேண்டியது ஃபுல்பேக் சக் மெர்சினிடம். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு முயற்சிகளிலும் பந்தைச் சுமந்த டானி ஆண்டர்சனுக்குப் பனித்தரையில் கால் ஊன்றவே முடியவில்லை. மெர்சினும் வழுக்கிவிடக்கூடும் என்று கணித்த ஸ்டார், மிச்சமிருந்த கடைசி டைம்-அவுட்டில் பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டியிடம் தானே பந்தை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். லம்பார்டி ஒப்புக்கொண்டார். சக வீரர்களிடம் ஸ்டார் உத்தியின் பெயரை மட்டுமே சொன்னார். பந்து தன் கைக்கு வருமென்றே மெர்சின் ஓடிவந்தார்.

நம்பிக்கை: ஸ்டாருக்கு வழி திறந்தவர் ஜெர்ரி கிராமர் ஒருவரே.

உண்மை: டல்லஸின் தடுப்பாளர் ஜெத்ரோ பியூவை நகர்த்தியது இருவரின் உழைப்பு. வலது கார்டு கிராமரும் சென்டர் கென் போமனும் சேர்ந்தே அவரைத் தள்ளினார்கள். தொலைக்காட்சியின் மறு ஒளிபரப்பும், கிராமர் எழுதிப் பெரும் விற்பனை கண்ட 'இன்ஸ்டன்ட் ரீப்ளே' என்ற நூலும் அவர் பெயரை நாடெங்கும் பரப்பின. தோளோடு தோள் நின்ற போமனின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. கிராமரின் பங்கு பெரியதுதான். போமனுடைய பங்கு அதற்குக் குறைந்ததல்ல.

நம்பிக்கை: அந்தப் பாய்ச்சலின் புகழ்பெற்ற புகைப்படத்தில் மெர்சின் கைகளை உயர்த்தியிருப்பது வெற்றிக் களிப்பு.

உண்மை: பந்தோடு ஓடுபவரைப் பின்னாலிருந்து தள்ளுவது அன்றைய விதிப்படி குற்றம். பாய்ந்து வந்த வேகத்தில் ஸ்டார் மீது மோதிவிடப் போகிறோம் என்று உணர்ந்த மெர்சின், தான் தள்ளவில்லை என்று நடுவருக்குக் காட்டவே கைகளைத் தூக்கினார்.

நம்பிக்கை: அந்த ஒரு பாய்ச்சலே ஆட்டத்தை வென்று தந்தது.

உண்மை: அதற்கு முன் 68 யார்டு பயணம் இருக்கிறது. 4 நிமிடம் 50 விநாடி மீதமிருக்கையில் பேக்கர்ஸ் தன் பக்கத்து 32-யார்டு கோட்டிலிருந்து கிளம்பியது. அந்தப் பயணத்தில் மெர்சின் ஒரு பந்தைப் பிடித்து 19 யார்டு கொண்டுபோனார். அடுத்து 8 யார்டு ஓடி, எல்லைக்கு 3 யார்டு தூரம் வரை பந்தைக் கொண்டு சேர்த்தார். கடைசிப் பாய்ச்சலில் பந்தைத் தொடாத அந்த மனிதர் இல்லாமல், ஸ்டார் அந்த இரண்டடி தூரத்துக்கு வந்து நின்றிருக்கவே முடியாது.

குழு விளையாட்டின் வெற்றியை ஒரே தலையில் முடிசூட்டுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. ஸ்டாரின் துணிவும் கணிப்பும் போற்றத்தக்கவை, ஐயமில்லை. ஆனால் அந்தப் பாய்ச்சலின் காணொளியை அடுத்த முறை பார்க்கும்போது ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். கிராமருக்குப் பக்கத்தில் முட்டித் தள்ளும் போமனையும், வெறுங்கையோடு ஓடிவரும் மெர்சினையும் சேர்த்துப் பாருங்கள்.