கூண்டில் பன்றி: ‘தி அவர் ஆஃப் தி பிக்’ திரைப்படத்தில் சட்டத்தின் எல்லை

இடைக்கால ஐரோப்பாவில் விலங்குகள் மீது முறைப்படி வழக்குத் தொடுக்கப்பட்டது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், தீர்ப்பு எழுதப்பட்டது, தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. எட்வர்ட் பேசன் எவான்ஸ் 1906இல் வெளியிட்ட நூல் இவ்வழக்குகளைத் தொகுத்துத் தந்தபின், அவை சட்ட வரலாற்றின் வேடிக்கைப் பகுதியாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளன. லெஸ்லி மெகாஹி எழுதி இயக்கி 1993இல் உருவான ‘தி அவர் ஆஃப் தி பிக்’ என்னும் பிரித்தானியத் திரைப்படமும் இருண்ட காலத்து மடமையை நகையாடும் படமாகவே பலரால் கொள்ளப்பட்டது. அக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. இப்படம் காட்டும் நீதிமன்றம் மடமையின் இருப்பிடம் அன்று. நடைமுறையில் குறைவற்ற ஒரு மன்றம். பன்றியைக் கூண்டில் நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. நிலக்கிழாரின் மகனைத் தீண்டும் ஆற்றல் இல்லை. படத்தின் கொலை மர்மம் இந்த இடைவெளியின் மீதே கட்டப்பட்டுள்ளது.

தூக்குமேடையில் ஒரு கழுதை

படம் தூக்குமேடையில் தொடங்குகிறது. முறையற்ற புணர்ச்சிக் குற்றத்திற்காக ஒரு மனிதனும் ஒரு பெண் கழுதையும் ஒருசேர நிறுத்தப்பட்டுள்ளனர். கடைசி நொடியில் ஆணை வருகிறது. கழுதை நன்னடத்தை உடையது என்று சான்று கிடைத்திருப்பதால் அதற்கு விடுதலை; மனிதனுக்குத் தூக்கு. கூடியிருந்தோர் கழுதைக்காக மகிழ்கின்றனர்.

இது கற்பனை போல் தோன்றினும் ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டதே. பிரான்சின் வான்வ் என்னும் ஊரில் 1750இல் ழாக் ஃபெரோன் என்பவன் இக்குற்றத்திற்காக மரண தண்டனை பெற்றான். அவனுடன் பிடிபட்ட கழுதையை நெடுநாளாக அறிந்தவர்கள், ஊர்ப் பங்குக் குருவும் உட்பட, அதன் ஒழுக்கத்திற்குச் சான்றிதழ் அளித்தனர்; கழுதை விடுவிக்கப்பட்டது. படத்தின் கதை நிகழும் ஆண்டு 1452. வோல்தேர் வாழ்ந்த நூற்றாண்டின் நிகழ்ச்சி ஒன்றை இயக்குநர் முந்நூறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியுள்ளார். இது பிழையாகாது எனினும் ஒரு விளைவு உண்டு: ‘இடைக்கால மடமை’ என்று காண்போர் நகைக்கும் முதற்காட்சியே இடைக்காலத்தது அன்று.

மறுபுறம், இடைக்காலத்தவர் அனைவரும் இவ்வழக்கத்தை ஐயமின்றி ஏற்றனர் என்பதும் சரியன்று. போவே வட்டாரத்தின் வழமைச் சட்டங்களை 1283இல் தொகுத்த ஃபிலிப் த பொமனுவார், நன்மை தீமை அறியாத விலங்கைத் தண்டிப்பதால் நீதி வீணாகிறது என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார். பகுத்தறிவற்ற உயிரைச் சபிப்பது பொருளற்றது என்பது தாமஸ் அக்குவினாசின் நிலை. எதிர்வாதம் கற்றோர்க்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் வழக்குகள் நடந்தன என்பதே விளக்கம் வேண்டுவது.

எலிகளின் வழக்குரைஞர்

படத்தின் தலைமை மாந்தர் ரிச்சர்ட் கூர்த்வா (கொலின் ஃபர்த்), பார்த்தெலெமி த ஷாசெனே என்னும் பிரெஞ்சுச் சட்ட அறிஞரின் வாழ்வைத் தழுவிப் படைக்கப்பட்டவர். ஷாசெனே பிறந்தது 1480இல். எனவே படத்தின் காலத்தில் அவர் பிறக்கவே இல்லை. 1531இல் அச்சான அவருடைய சட்டக் கருத்துரைத் தொகுப்பின் முதற்கருத்துரை, போன் நகரத்துக் கொடிமுந்திரித் தோட்டங்களை அழித்த பூச்சிகளைத் திருச்சபை நீதிமன்றத்திற்கு அழைக்கலாமா என்பதை ஆராய்கிறது. அவருக்குப் புகழ் தந்ததோ ஓதன் நகரத்து எலிகளின் வழக்கு. அதனை ழாக் ஓகுஸ்த் த தூவின் வரலாற்று நூல் வழியாகவே பிற்காலத்தவர் அறிந்தனர். கதிர்களைத் தின்ற எலிகளுக்கு அழைப்பாணை விடப்பட்டது; எலிகள் வரவில்லை. எலிகள் பல ஊர்களில் சிதறி வாழ்வதால் ஓர் அழைப்பாணை போதாது என்றார் ஷாசெனே. பங்குகள்தோறும் ஆணை படிக்கப்பட்டது. அப்போதும் எலிகள் வரவில்லை. வழியெங்கும் பூனைகள் காத்திருக்கின்றன. உயிர்க்கு அச்சமின்றி வந்து சேர இயலாத இடத்திற்கு அழைக்கப்பட்டவர் வாராமை குற்றமாகாது என்று வாதிட்டார்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். எலி, பூச்சி முதலிய கூட்ட உயிர்கள் மீதான வழக்குகள் திருச்சபை மன்றங்களுக்குரியவை. அங்கே கிடைக்கக்கூடிய தண்டனை சாபமும் விலக்கும். குழந்தையைக் கொன்ற பன்றி போன்ற தனி விலங்குகள் மீதான வழக்குகள் அரசு அல்லது நிலக்கிழாரின் குற்றவியல் மன்றங்களில் நடந்தன, தண்டனை தூக்கு. முதல்வகையில் வழக்குரைஞரின் வாதமே நிரம்பிக் கிடக்கிறது. இரண்டாம்வகையில் பல இடங்களில் எஞ்சியிருப்பது செலவுக் கணக்கு மட்டுமே. மொலான் என்னும் ஊரில் 1403இல் தூக்கிலிடப்பட்ட பன்றியின் கணக்கு இது: சிறையில் அதன் தீனிக்கு 6 சூ, பாரிசிலிருந்து வந்த தண்டனை நிறைவேற்றுநருக்கு 54 சூ, வண்டிக்கு 6 சூ, கயிற்றுக்கு 2 சூ 8 தெனியே, கையுறைக்கு 2 தெனியே. கையுறையையும் விடாது எழுதிய எழுத்தர், பன்றியின் சார்பில் எவரேனும் பேசினாரா என்பதை எழுதவில்லை.

மெகாஹி இவ்விருவகையையும் இணைக்கிறார். எலிகளுக்காக வாதிட்டவரைப் பன்றியின் பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறார். வரலாற்று நோக்கில் இது கலப்பே. ஆயினும் ஆவணத்தின் வெற்றிடம் ஒன்றில் வாதத்தை எழுப்பிப் பார்க்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். படத்தின் காலத்திற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் 1457இல், பர்கண்டியின் சவிஞியில் ஐந்து வயதுச் சிறுவனைக் கொன்ற பன்றி தூக்கிலிடப்பட்டபோது, குருதி தோய்ந்திருந்த அதன் ஆறு குட்டிகள் கொலையில் பங்கு கொண்டமைக்குச் சான்று இல்லை என்று தண்டனையிலிருந்து விலக்கப்பட்டன. ஐயத்தின் பயனைக் குட்டிகளுக்கு அளித்த மன்றத்தை மடமையின் மன்றம் என ஒதுக்குதல் எளிதன்று.

வாயில்லாக் கட்சிக்காரர்

கூர்த்வா பாரிசின் ஆரவாரத்தை வெறுத்து, நாட்டுப்புற அமைதியை நாடி அப்வீல் நகருக்கு வருகிறார். அப்வீல் அடங்கிய பொன்தியே, 1435இன் ஆராஸ் உடன்படிக்கைக்குப் பின் பர்கண்டிக் கோமகனின் ஆளுகையில் இருந்தது. கூர்த்வா கற்றது உரோமச் சட்டம். அங்கே செல்வது உள்ளூர் வழமைச் சட்டம். சூனியக்காரி எனக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணை இவ்வேறுபாட்டாலேயே அவர் இழக்கிறார். அதன்பின் வருவது யூதச் சிறுவன் ஒருவனைக் கொன்றதாகப் பிடிபட்ட பன்றியின் வழக்கு. பன்றிக்குரியவர்கள், படம் மூர்கள் என்றழைக்கும் நாடோடிக் கூட்டத்தினர். பாரிசில் ரோமா மக்களின் வருகை 1427இல் பதிவாகியுள்ளது. அவர்களை மக்கள் எகிப்தியர் என்றனர். இப்பெயர்க் குழப்பத்தைப் படம் தன் வசதிக்கு ஏற்பப் பயன்படுத்திக் கொள்கிறது. யூதர்கள் 1394இல் பிரெஞ்சு அரசிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் என்பதால், அச்சிறுவனின் இருப்பும் வரலாற்று நோக்கில் ஐயத்திற்குரியது. ஆனால் தெரிவின் நோக்கம் தெளிவு. இறந்தவன், பன்றியின் உரிமையாளர், பன்றி என மூவரும் அவ்வூருக்குப் புறத்தார். வழக்கு முழுவதும் புறத்தாரிடையே முடிந்துவிட்டால் ஊருக்கு இழப்பில்லை.

துப்பறியும் கதை மரபில் குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவார், பொய் சொல்வார், முரண்படுவார், அம்முரண்களே துலக்கத்திற்கு வழி. இங்கே கட்சிக்காரருக்கு வாயில்லை. ஆகவே வழக்குரைஞர் மன்றத்தை விட்டு வெளியேறி ஊருக்குள் தேட வேண்டியவராகிறார். முன்னர்க் காணாமற்போன மற்றொரு யூதச் சிறுவனின் எச்சம் கிடைக்கிறது. தடயங்கள் நிலக்கிழாரின் மாளிகைக்கு இட்டுச் செல்கின்றன. கொன்றவன் அவருடைய மகன். மன்றத்தின் மேலாண்மை எவரிடம் உள்ளதோ அவருடைய வீட்டிலேயே குற்றம் இருக்கிறது. பன்றி இறுதியில் விடுதலை பெறுகிறது. உண்மையான கொலையாளி கூண்டேறியதால் அன்று. மகன் ஊரைவிட்டு அப்புறப்படுத்தப்படுகிறான். அவன் பெயரில் ஒரு வழக்கும் இல்லை.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் மனுநீதிச் சோழன் கதையை நினையாதிருத்தல் அரிது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி எடுத்துரைப்பதும் பெரியபுராணம் விரிப்பதுமான அக்கதையிலும் ஆள்வோனின் மகனே குற்றவாளி, விலங்கும் உண்டு. ஆனால் அங்கே விலங்கு முறையீட்டாளர், இங்கே குற்றம் சாட்டப்பட்டது. அங்கே தந்தை மகனைத் தேர்க்காலில் இடுகிறான், இங்கே தந்தை மகனை மறைக்கிறான். இவற்றிடையே தொடர்பு தேடுவது வீண். எனினும் விலங்கை மன்றத்திற்குக் கொண்டுவரும் கதைகள், ஆள்வோன் மகனைக் கொண்டுவர முடியுமா என்ற வினாவில் சந்திக்கின்றன என்பது குறிக்கத்தக்கது.

அமெரிக்காவில் இப்படம் சில காட்சிகள் நீக்கப்பட்டு ‘தி அட்வகேட்’ என்னும் பெயரில் வெளியானது. பெயர் மாற்றம் வணிகம் கருதியதே. ஆயினும் அது நடுப்புள்ளியை வழக்குரைஞரின் திறமைக்கு நகர்த்திவிடுகிறது. படம் ஐயுறுவது அத்திறமையையே.

மெரந்தோல்

ஷாசெனேயின் வாழ்வில் படம் விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு. பிற்காலத்தில் அவர் எக்ஸ் நகரில் அமைந்த புரோவான்ஸ் உயர்மன்றத்தின் தலைவரானார். அம்மன்றம் 1540 நவம்பரில், வால்தென்சியர் என்னும் சமயப் பிரிவினர் வாழ்ந்த மெரந்தோல் ஊரைத் தரைமட்டமாக்க ஆணையிட்டது. அழைக்கப்பட்டவர்கள் மன்றத்திற்கு வராதது அவர்களுக்கு எதிராகக் கொள்ளப்பட்டது. அப்போது பிரபு ஒருவர் ஷாசெனேயிடம் ஓதன் எலிகளை நினைவூட்டினார் எனத் த தூ எழுதுகிறார். அச்சத்தால் வாராத எலிகளைக் கேளாமல் தண்டிக்கலாகாது என்றவர், அச்சத்தால் வாராத மனிதர்களைக் கேளாமல் தண்டிக்கலாமா என்பது வினா. ஷாசெனே ஆணையின் நிறைவேற்றத்தை நிறுத்திவைத்தார்.

படம் இந்நிகழ்ச்சியைச் சொல்லாவிடினும், அதன் மாந்தரை முன்கூட்டியே கொணர்ந்துவிட்டது எனலாம். வரலாற்றில் விலங்குக்காகப் பேசிய வாதம் மனிதரைச் சென்றடைந்தது. படத்தில் அவ்வழி அடைபட்டுள்ளது: பன்றி மீள்கிறது, இறந்த சிறுவர்களுக்கு நீதி இல்லை. சூனியக்காரி எனத் தூக்கிலிடப்பட்ட பெண், ஊரை மீட்க ஒரு வீரன் வருவான் என்று சொல்லிச் சென்றிருந்தாள். கூர்த்வா ஊரைவிட்டு நீங்கும் வேளையில் கவசம் அணிந்த ஒருவன் வந்து சேர்கிறான். கவசத்தைக் களைந்தால் உடலில் கொள்ளைநோய்.

ஷாசெனே 1541இல் இறந்தார். அவர் நிறுத்திவைத்த ஆணை 1545 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்டது. மெரந்தோல் எரிக்கப்பட்டது.