சீனி வருத்தமும் காய்ந்த கண்ணும்



"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, எரியுது, தண்ணியா வடியுது." சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள பலர் இப்படிச் சொல்வதுண்டு. வயசு, அடுப்புப் புகை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கண் காய்ந்து போவதும் காரணமாக இருக்கலாம்.

"தண்ணி வடியுற கண்ணு எப்படிங்க காயும்?" என்று கேட்பீர்கள். கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. கண்ணீர் சீக்கிரம் காயாமல் காப்பது அதுதான். இமை ஓரத்திலுள்ள மைபோமியன் சுரப்பிகள் இந்த எண்ணெயைத் தருகின்றன. மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இவை இருக்கும்.

மலைநாட்டுக் குளிரில் போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறதல்லவா? சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இமையின் எண்ணெயும் அப்படித் தடித்து, சுரப்பியின் வாயை அடைத்துவிடலாம். எண்ணெய் குறைந்தால் கண் காய்ந்து உறுத்தும். அந்த உறுத்தலைத் தணிக்கவே கண் மேலும் தண்ணீர் விடுகிறது. அதில் எண்ணெய் போதாததால் கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். சீனி வருத்தத்தில் கால் மரத்துப் போவது போல, கருவிழியிலும் உணர்ச்சி குறையலாம். தேயிலைக் குச்சி கண்ணில் குத்தினாலும் வலி பெரிதாகத் தெரியாது. வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். காலையும் மாலையும் செய்யலாம். கை மரத்திருந்தால் சூடு தெரியாது. வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

2. பிறகு, கழுவிய விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும், கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம்.

3. அடுப்புப் புகை வெளியே போக வழி வையுங்கள்.

4. தாய்ப்பால், மூலிகைச் சாறு, பக்கத்து லயத்தில் மிஞ்சிய சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள். வைத்தியர் தந்ததை மட்டும் பாவியுங்கள்.

5. சீனி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

பார்வை மங்கினால், கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கண்ணில் அடிபட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேர் போடுகிற நாளாச்சே என்று ஒத்திப் போடாதீர்கள்.

உறுத்தல் தீர்ந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சீனி வருத்தம் விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணின் உட்புறத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் பேர் போனால் இன்னொரு நாள் சம்பாதிக்கலாம். போன பார்வை திரும்பி வருவது கஷ்டம்.